வாளி வாளிதான்

மார்ச் 2

அக்கா,

ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். போனில் என் எண்ணையும் அடைத்துவிட்டாய். சரி. எழுதுவது பேசுவதில் சேராது. இதைத் தீவன லாரி ஓட்டும் ஹாரன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வாரம் இரண்டு முறை உன் கோழிப்பண்ணைக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துத் தெருவுக்கும் போய்வருகிற ஒரே ஆள் அவர்தான். நீ வாங்க மறுத்தால் வாங்கும்வரை வாசலில் ஹாரன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் அதைச் சந்தோஷமாகச் செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார், நாத்தனார் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "இந்தச் சட்டியில கோழியவிட மருந்துதான் ஜாஸ்தி வெந்திருக்கு" என்று சொன்னேன். சொன்ன நேரம் தப்பு. சொன்ன விஷயத்திலும் பாதி தப்பு. குஞ்சுக்கு முதல் வாரம் கொடுத்த மருந்து சட்டி வரைக்கும் மிஞ்சாது. மிஞ்சுவது கிருமி. மீதிப் பாதிக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அன்று உன் கொட்டகையில் நாலு இடத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துவந்தேன். உன்னைக் கேட்கவில்லை. மாமாவின் புண் விரலிலும் ஒரு தேய்ப்பு. அவர் நான் மருந்து தடவுகிறேன் என்று நினைத்து, "குளுகுளுன்னு இருக்கு மாப்ளே" என்றார். நான் திருத்தவில்லை.

முடிவு வந்துவிட்டது. கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே எட்டு விதமான மருந்து ஏற்றிய காகிதப் பொட்டுகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றி ஒன்றும் வளராமல் வட்டமாக வெறும் இடம் தெரியும். உன் கொட்டகைக் கிருமிக்கு எட்டில் ஐந்து பொட்டைச் சுற்றி வட்டமே இல்லை. நீ தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பொடியின் பொட்டை ஒட்டி அது குடும்பம் குட்டியோடு குடித்தனம் நடத்துகிறது. மாமாவின் விரலிலும் அதே கிருமி. அதே ஐந்து. அவற்றின் பெயர்கள் தாளின் பின்பக்கத்தில்.

காரணம் சுலபம். நோய் இருக்கோ இல்லையோ, குஞ்சு இறங்கினதும் ஐந்து நாள் பொடி போடுகிறாய். சோப்ளாங்கிக் கிருமி சாகும். முரட்டுக் கிருமி பிழைக்கும். மைதானம் முழுக்க அதற்கே. ஒன்பது வருஷமாக நீ முரடர்களைப் பொறுக்கியெடுத்து வளர்த்திருக்கிறாய் அக்கா. கோழி வளர்த்ததைவிட அதைத்தான் நன்றாக வளர்த்திருக்கிறாய்.

ஒரே ஒரு தடவை பொடி இல்லாமல் குஞ்சு வளர்த்துப் பார். வழி நான் சொல்கிறேன்.

தம்பி

*

மார்ச் 5

தம்பி என்று எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இது பேச்சில் சேராது. திட்டில் சேரும்.

ஹாரன் அண்ணன் பத்து நிமிஷம் அடித்தார். பால்காரர் முதல் பக்கத்து வீட்டு நாய் வரை கூடிவிட்டார்கள். மானம் போகக்கூடாதே என்று வாங்கினேன்.

நீ அன்று பேசிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாய். இங்கே என் மாமியார் தட்டைத் தள்ளி வைத்து, "ஏம்மா, இத்தன வருஷமா நாங்க தின்னது கோழியா, மாத்திரையா?" என்று கேட்டார்கள். நாத்தனார் அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கோழிப்பண்ணைக்காரி வீட்டில் ஒரு வாரமாக வெறும் காய்கறி. உனக்கு இப்போது குளுகுளுவென்று இருக்குமே?

நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது நான் முதல் தடவை குஞ்சு இறக்கினேன். மூவாயிரம். ஒரே வாரத்தில் தொள்ளாயிரம் செத்தது. கூடை கூடையாக அள்ளிக் குழியில் போட்டவள் நான். அப்போதுதான் பொடி டாக்டர் வந்தார். டாக்டருக்கு எல்லாம் அவர் படிக்கவில்லை, மோட்டார் சைக்கிளில் மருந்து விற்கிறவர், ஆனால் இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கு அவர்தான் டாக்டர். பொடி கொடுத்தார். அடுத்த தடவை சாகவில்லை. நீ அதைக் கெட்ட பழக்கம் என்கிறாய். ஒன்பது வருஷமாக நான் தூங்கினது அந்தப் பொடியால்.

ஆனால் விரலைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நாலு தடவை படித்தேன். சேவல் நகம் கீறி ஐந்து வாரம் ஆகிறது. நிஜ டாக்டர் மூன்று தடவை மாத்திரை மாற்றிவிட்டார். மூன்று பெயரும் உன் ஐந்தில் இருக்கின்றன. மாமாவின் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். "பரவால்ல, கல்யாணமான புதுசு மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் ஒரு பந்தயம். பத்தாம் தேதி குஞ்சு இறங்குகிறது. நாற்பது நாள். இருநூறுக்குள் செத்தால் உன்னோடு பேசுகிறேன். இருநூறைத் தாண்டினால் பொடி டப்பாவைத் திறப்பேன், அதற்கப்புறம் என் கொட்டகையைப் பற்றி நீ வாயைத் திறக்கக்கூடாது. டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே மாமா இடது கையால் கையெழுத்துப் போட்டு அலமாரி உச்சியில் வைத்தாயிற்று.

என்ன செய்யணும், எதில் அளக்கணும், எந்த வாளியில் கலக்கணும், எல்லாவற்றையும் விவரமாக எழுது. பிறகு "நான் அப்படிச் சொல்லலையே" என்று மழுப்பாதே.

அக்கா

*

மார்ச் 7

அக்கா,

பந்தயம் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் மாமா. இதோடு இருக்கும் தாளை அந்த நிஜ டாக்டரிடம் காட்டச் சொல். எட்டில் எந்த மூன்று இன்னும் வேலை செய்கிறது என்று அதில் இருக்கிறது. எதைக் கொடுப்பது என்று அவர் முடிவு பண்ணட்டும். கொடுத்ததை முழு நாளும் சாப்பிட வேண்டும். புண் ஆறின மாதிரி தெரிந்ததும் பாதியில் நிறுத்துகிற வேலை வேண்டாம். மாமா செய்வார். எனக்குத் தெரியும்.

இனி கொட்டகை. நாலாயிரம் குஞ்சு இறக்காதே, மூவாயிரத்து ஐந்நூறு போதும். நெருக்கியடித்து வைத்தால் ஒன்றின் சளி இன்னொன்றுக்கு. பழைய தரைத்தூளைச் சுத்தமாக அள்ளிவிட்டுப் புது மரத்தூள் போடு. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கக்கூடாது, உதிர வேண்டும். கொட்டகைக்கு உள்ளே ஒரு செருப்பு, வெளியே ஒரு செருப்பு. உன் மாமியாரானாலும் சரி, மாற்றாமல் உள்ளே விடாதே. விளக்குச் சூட்டுக்கு மீட்டரைப் பார்க்காதே, குஞ்சைப் பார். குவிந்து கிடந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் சூடு. சிந்தின பொரி மாதிரி பரவலாகக் கிடந்தால் சரி.

தண்ணீர்க் குழாய்க்குள் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். கிருமிக்கு அது மாடி வீடு. குஞ்சு வருவதற்கு முன்னால் வினிகர் கலந்த தண்ணீரை ஒரு ராத்திரி குழாயில் நிறுத்தி, காலையில் அடித்துக் கழுவு. அப்புறம் தினமும் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு டம்ளர் வினிகர் கலந்து தொட்டியில் ஊற்று.

எந்த வாளி என்று கேட்கிறாய். இதையெல்லாமா கேட்பது? வாளி வாளிதான் அக்கா. கைக்கு எது வருகிறதோ அது.

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

பத்தாவது நாள். எழுபத்தொன்று செத்திருக்கிறது.

முதல் மூன்று நாள் நான் ராணி மாதிரி இருந்தேன். பொரி சிந்தின மாதிரிதான் கிடந்தன. நாலாவது நாள் காலையில் உள்ளே போனால் முப்பத்தொன்று. முப்பத்தொன்றையும் கூடையில் அடுக்கி வைத்துப் பார்த்தேன். பழைய தொள்ளாயிரம் கண் முன்னால் வந்து நின்றது. நேரே வீட்டுக்குள் போய் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன். டப்பாவில் கை வைத்தும் ஆயிற்று. உன் மாமா வந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டார். "எறங்கு"ன்னு சொல்லவில்லை. "விழுந்துடாதே, பிடிச்சிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஒரு நாள் பாப்போமா?" என்றார். அந்த ஒரு நாள் போனது. மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் மூன்று. அப்போதுதான் கவனித்தேன், அவர் ஸ்டூலைப் பிடித்திருந்தது வலது கை. புது மாத்திரை கேட்கிறது போலிருக்கிறது.

என் மாமியார் கொட்டகை வாசலில் செருப்பு மாற்றமாட்டேன் என்றார்கள். நான் விடவில்லை. "உன் தம்பி சட்டம் போடுறானா எனக்கு?" என்றவர்கள், மறுநாள் பொடி டாக்டர் வந்தபோது அவரை வாசலிலேயே நிறுத்தி, "செருப்ப மாத்துங்க சார், எனக்கே அதுதான் சட்டம்" என்றார்கள். அவர் சாக்ஸோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பொடி இல்லாமலா? எண்ணி எட்டே நாள், கூப்பிடுவீங்க" என்று சொல்லிப் போயிருக்கிறார்.

நீ சோதித்துப் பார்க்க எச்சமும் தொட்டித் தண்ணீரும் ஐஸ் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தையும் அதிலேயே போட்டுவிட்டேன். நனைந்திருந்தால் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஐஸ்தான்.

அக்கா

*

மார்ச் 23

அக்கா,

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நீ அனுப்பின தண்ணீரில் மருந்து இருக்கிறது.

சாதாரண மருந்துக்கே செத்துவிழும் நோஞ்சான் கிருமி ஒன்றை இங்கே வளர்க்கிறோம். உன் தண்ணீரைத் தொட்டதும் அது வளரவில்லை. வினிகரால் இருக்கும் என்று சாக்குச் சொல்லாதே. புளிப்பை முறித்துவிட்டுத்தான் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். கொஞ்சம்தான். ஆனால் இருக்கிறது.

நாலாவது நாள் ஸ்டூலில் ஏறினாய், மாமா காலைப் பிடித்தார், இறங்கிவிட்டாய் என்றாய். படித்துவிட்டு இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். எதற்கு அந்தக் கதை? பயந்துபோய்ப் போட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா?

பந்தயம் முடிந்தது. நீ பேசவும் வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 26

டேய்,

திருடனைப் பிடித்தால்கூட நீதான் எடுத்தியான்னு ஒரு வார்த்தை கேட்பார்கள். உனக்கு அதற்கும் பொறுமை இல்லை.

உன் கடிதத்தை மாமா படித்தார். நான் படிக்கக் கேட்டேன். நான் அழவில்லை, ஐஸும் இல்லை. நேரே கொட்டகைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நீ கோபத்தில் என்ன எழுதினாலும் தட்டில் பொய் வளராது என்று எனக்குத் தெரியும். மருந்து இருக்கிறது என்றால் இருக்கிறது. நான் போடவில்லை. அவர் போடவில்லை. அப்போது அது எந்த வழியாக வந்தது?

இந்தத் தண்ணீரைத் தொடுவது என்னென்ன? கிணறு. மாமியார் அதைத்தான் குடிக்கிறார்கள், அவர்களுக்கு எந்தக் கிருமி வந்தாலும் உடனே ஒட்டிக்கொள்ளும், அதனால் அதில் மருந்து இல்லை. குழாயை நீ சொன்னபடி அடித்துக் கழுவிவிட்டேன். வினிகர் கடையில் வாங்கினது. டம்ளர் வீட்டு டம்ளர். மிச்சம் ஒன்றுதான்.

அதை ஹாரன் அண்ணன் லாரியில் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு வாளி. ஒன்பது வருஷமாகப் பொடி கலக்கின வாளி. தொட்டி பக்கத்திலேயே ஆணியில் தொங்கும், அதனால் கைக்கு அதுதான் வரும். அதைக் கவிழ்த்து விளிம்புக்கு அடியில் பார். கைப்பிடி மாட்டின ஓட்டையிலும் பார்.

கூடவே டேப் பிரியாத டப்பா, மாமாவின் கோணல் கையெழுத்தோடு. அப்புறம் உன் மார்ச் 7 கடிதம். ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். படித்துப் பார்.

இன்றிலிருந்து புது வாளி. நூற்று நாலு செத்திருக்கிறது. பந்தயம் முடிந்தது என்று சொல்ல நீ யார்? அதைப் போட்டவள் நான்.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

நான் கழுதை. இதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள். மூன்று தடவை சரிபார்க்கப்பட்டது.

விளிம்புக்கு அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு காரை. கைப்பிடி ஓட்டையிலும் அதேதான். வெறும் தண்ணீர் ஊற்றினால் லேசில் அசையாது. வினிகர் ஊறினால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. குஞ்சு இறங்கின நாளிலிருந்து, சரியாக அளந்து, இரண்டு டம்ளர் வினிகர் போட்டு அந்த மருந்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றச் சொன்னவன் நான். நோயைக் கொல்லப் போதாது, முரட்டுக் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கப் போதும். அதைவிட மோசமான அளவே கிடையாது. பொடி டாக்டர்கூட அப்படிச் செய்திருக்கமாட்டார்.

என் மேலதிகாரி அம்மாவிடம் சொன்னேன். அவர் உன் கடிதத்தை வாங்கி, கிணறு, குழாய், டம்ளர் என்று நீ ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்ததைச் சத்தமாகப் படித்தார். "இவங்க என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். பன்னிரண்டாவது என்றேன். "நீங்க?" என்றார். இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது: வாளி வாளிதான். கீழே என் பெயர். நேற்று டீ கொண்டுவந்தவர், "சார், எந்த கிளாஸ்ல ஊத்தட்டும்?" என்று கேட்கிறார்.

மாமாவிடம் சொல், ஸ்டூல் கதையைச் சந்தேகப்பட்டதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் மாமியார், நாத்தனார் எல்லோரையும் சாப்பிட உட்கார வை. எங்கே உளறினேனோ அங்கேயே வைத்து மன்னிப்புக் கேட்கிறேன். பந்தயத்தில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளலாம். வாயைத் திறக்கமாட்டேன். சாப்பிட மட்டும் திறப்பேன்.

தம்பி

*

ஏப்ரல் 8

தம்பி,

நீ வந்துபோனதிலிருந்து வீட்டில் ஒரே உன் பேச்சு.

நீ எழுந்து நின்று, "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு, வாளி விஷயத்துல சொன்னது அதைவிடத் தப்பு" என்றதும் மாமியார், "உக்காருப்பா, சோறு ஆறுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நாத்தனாருக்குத்தான் ஏமாற்றம். நீ இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாய் என்று எதிர்பார்த்தாள்.

நான் பேசவில்லை என்று வருத்தமா? பந்தயம் பந்தயம்தான். நாற்பது நாள் முடியட்டும். ஆனால் "அவனுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளுங்க" என்று மாமாவிடம் ஐந்து தடவை சொன்னேன். பக்கத்திலேயே இருந்துகொண்டு நீயும் "போதும்னு சொல்லுங்க மாமா" என்றாய். அந்த மனுஷன் நடுவில் உட்கார்ந்து தபால்காரர் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். விரல் ஆறிவிட்டது, இப்போது கழுத்து.

கொட்டகையில் கோழிகள் கண் கலங்கி இருமுகின்றனவே என்று நான் மூன்று நாளாகப் பயந்திருந்தேன். டப்பா உன்னிடம் இருந்ததால் பிழைத்தேன், இங்கே இருந்திருந்தால் திறந்திருப்பேன். நீ நேரே கோழி உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தாய். ஐந்து நிமிஷத்தில் உன் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. எச்சத்து நெடி. எழுந்து போய்ப் பக்கத்துப் படுதாவை முழங்கால் அளவு தூக்கிக் கட்டினாய். ஒன்பது வருஷமாக நான் நின்றுகொண்டேதான் மூச்சு விட்டிருக்கிறேன். இருமல் இப்போது முக்கால்வாசி இல்லை. அதிகமாக இருமுகின்றன என்று ஒதுக்கி வைத்த பத்துக் கோழியையும் நீ அனுப்பின கால்நடை டாக்டரம்மா பார்த்தார்கள். மருந்து தேவையில்லை என்றார்கள்.

நூற்று எழுபத்தொன்று. இன்னும் பத்து நாள்.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்கா,

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்தபோது எடுத்த தேய்ப்பின் முடிவு: முரட்டுக் கிருமி இன்னும் இருக்கிறது. ஐந்து பொட்டுக்கும் இப்போதும் வட்டமில்லை. ஒன்பது வருஷம் குடியிருந்தவன் ஒரே தடவையில் காலி பண்ணமாட்டான். இன்னும் எத்தனை தடவை ஆகும் என்று தெரியாது. உன்னை ஏமாற்ற விரும்பவில்லை.

நிஜமாகவே நோய் வந்தால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். டாக்டரம்மா பார்த்து, எது கேட்கும் என்று தெரிந்துகொண்டு கொடு. தூக்கத்துக்காகக் கொடுக்காதே, அவ்வளவுதான்.

எண்ணிக்கையைச் சீக்கிரம் அனுப்பு. இங்கே சுவரில் வாளிக்குப் பக்கத்தில் கட்டம் போட்டு, கடைசியில் எத்தனை சாகும் என்று ஆளுக்கொரு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். டீக்காரர் இருநூற்று மூன்று என்கிறார். அவரிடம் டீ வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பி,

நேற்றோடு நாற்பது நாள். நூற்றுத் தொண்ணூற்றாறு.

நான் ஒரு தடவை எண்ணினேன். மாமா நம்பாமல் நோட்டைப் பிடுங்கி, ஒவ்வொரு கோடாக ஆள்காட்டி விரலை வைத்து எண்ணினார். அந்த விரலால். ஒவ்வொரு நூறுக்கும் நிறுத்தி அதை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். இன்றைக்குச் சட்டைப் பொத்தானையும் அவரே போட்டுக்கொண்டார். "உன் தம்பியால என் புது மாப்பிள்ளை வாழ்க்கை போச்சு" என்கிறார்.

பொடி டாக்டர் வந்தார். வாசலில் தானாகவே செருப்பை மாற்றிக்கொண்டார். சுற்றிப் பார்த்துவிட்டு, "டப்பாவ திருப்பித் தந்துடறீங்களா?" என்றார். அது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்று உன் விலாசம் கொடுத்தேன். வந்தால் மரியாதையாகப் பேசு. அந்தத் தொள்ளாயிரம் செத்தபோது வந்து நின்ற ஒரே ஆள் அவர். கத்தாமல் தட்டைக் காட்டு. என்னிடம் பேசின மாதிரி பேசாதே.

முரடன் காலி பண்ணவில்லை என்று எழுதியிருந்தாய். பண்ணாமல் எங்கே போவான்? அடுத்த குஞ்சு மே 5. அதற்கும் பொடி இல்லை. சிவப்பு வாளியைத் திருப்பி அனுப்பாதே. உன் சுவரிலேயே மாட்டிவை, ஆணி நான் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இதை எழுதி முடித்து ஹாரன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, நேரே உள்ளே போய் உன் எண்ணைத் திறந்து போன் பண்ணப்போகிறேன். லாரி வந்துசேர மூன்று மணி நேரம் ஆகும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாம் எல்லாவற்றையும் பேசி முடித்திருப்போம், அனேகமாக மறுபடி சண்டையும் போட்டிருப்போம்.

அப்படிப் போட்டிருந்தால் பதிலை இதே வண்டியில் கொடுத்தனுப்பு.

அக்கா